பிரேக் இல்லாத ஜீப்

"மெக்கானிக்கை வரவேண்டாம்னு சொன்னது நீங்கதானாமே?"

அருள்செல்வி கேட்ட வேகத்தில், ஊன்றுகோலோடு வாசலில் கால்வைத்த பொன்னாத்தாள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஆமா ஆத்தா. நான்தான் சொன்னேன்."

மறைக்கக்கூட முயலவில்லை. அதுதான் அருள்செல்விக்கு இன்னும் எரிந்தது.

தகரக் கொட்டகையில் நின்றது ஜீப். பள்ளத்திலிருந்து மேல்பாகம் நசுங்கி மேலே வந்த அதை, மெக்கானிக் கோட்டைச்சாமி பாடியைத் தட்டி நிமிர்த்தி, இன்ஜினை ஓடவைத்து, பிரைமர் பெயிண்டும் அடித்துவிட்டார். முன்கண்ணாடிக்கு மேலே 'வின்சென்ட்' என்று கணவனின் பெயரை அருள்செல்வியே எழுதவைத்திருந்தாள். பிரேக் வேலை ஒன்றுதான் பாக்கி. அதைத் தொடவேண்டிய நாளில் கோட்டைச்சாமி வரவில்லை. பிறகு வரவே இல்லை. சக்கரங்களுக்குக் கல் கொடுத்தபடியே வண்டி நின்றுபோயிற்று.

ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலைப்பாதையில் இறங்கிய ஜீப் அது. வளைவில் திரும்பாமல் நேரே பள்ளத்தில் பாய்ந்தது. வின்சென்ட்டோடு மூன்று பெண்கள் போனார்கள். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னாத்தாளுக்கு ஒரு கால் போயிற்று. "பிரேக் பிடிக்கல" என்று அவள் ஆஸ்பத்திரியில் சொன்ன சொல்லே போலீசுக்கும் ஊருக்கும் போதுமானதாக இருந்தது. வண்டி செய்த குற்றத்துக்கு டிரைவர் என்ன செய்வான்? செத்தவர்களின் வீட்டார்கூட அருள்செல்வியை ஒரு வார்த்தை கடிந்ததில்லை.

"இத வச்சும் இருக்காத, யாருக்கும் விக்கவும் விக்காத ஆத்தா. பழைய இரும்புக்குப் போட்டு உடைக்கச் சொல்லிரு."

"கால் போன ஆத்திரம் உங்களுக்கு. அவுக பேரு திரும்ப ரோட்டுல ஓடுறதப் பாக்கப் பொறுக்கல. அதான சித்தி?"

"அப்படியே வச்சுக்க."

"என் மனசு உங்களுக்கு என்ன தெரியும்? அன்னிக்கி மாதா கோயில்ல சப்பரம் கிளம்பப் போகுது, இன்னும் வந்து சேரலையேன்னு போன்ல கண்டமேனிக்குத் திட்டிட்டேன். அவுக பதில் சொல்லுமுன்ன மெட்டுல டவர் போயிருச்சு. சமாதானமா ஒரு வார்த்தை பேச எனக்குக் கொடுத்துவைக்கல. இந்த வண்டியவாச்சும் நல்லபடியா ஓடவச்சுப் பாக்கணும்."

பொன்னாத்தாள் தலைகுனிந்துகொண்டாள்.

பழைய ஜீப்புகளை வாங்கிப் புதுப்பித்து விற்கும் மதன்குமார் அந்த நேரத்தில்தான் போடியிலிருந்து வந்து இறங்கினான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். அவனுக்குப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பிரேக்கை நான் பாத்துக்கிறேன்க்கா. பேரையும் அழிக்கமாட்டேன். போதுமா?"

விற்பதா வைத்துக்கொள்வதா என்று இத்தனை நாள் அலைந்த மனம், அந்தச் சொல்லில் பாதி இறங்கிவிட்டது. விற்றாலும் கணவனின் பெயரோடு ஓடும்.

"தம்பி, அது பிரேக் செத்த வண்டி. நிக்கிற இடத்துலயே பாத்துட்டுப் போயிரு" என்றாள் பொன்னாத்தாள்.

"வெளிச்சத்துல பாக்காம எப்படி வாங்குறது பெரியம்மா? கல்ல வச்சுக் கும்பிட்டுக்கிட்டா இருக்கீக?"

சிரித்தபடியே முதல் கல்லை உதைத்தான், அடுத்ததையும் உதைத்தான். கொட்டகைத் தரை தெருவை நோக்கிச் சரிந்திருந்தது. ஜீப் மெல்ல அசைந்தது, பிறகு உருண்டது.

"தம்பி! பிரேக் இல்ல!" அருள்செல்வி அலறினாள்.

மதன்குமார் தாவி ஏறிப் பெடலை மிதித்தான்.

ஜீப் அப்படியே நின்றது.

அவன் இறங்கி, அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தான்.

"யாருக்கா பிரேக் இல்லன்னு சொன்னது? மெக்கானிக் புதுசா மாத்துனாரா?"

"அவரு தொடவே இல்லையே!"

"அப்பக் கோளாறே இருந்ததில்ல. எங்கயும் பிரேக் ஆயில் ஒழுக்கு இல்ல. மிதிச்சிருந்தா நின்னுருக்கும்."

தன் அண்ணனிடம் விலை கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனை எடுத்துக்கொண்டு அவன் தெருமுனைக்கு நடந்தான்.

அருள்செல்வி மெதுவாகத் திரும்பினாள்.

"பிரேக் பிடிக்கலைன்னு சொன்னீக."

பொன்னாத்தாள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"அவுக குடிச்சிருந்தாகளா?"

பொன்னாத்தாள் ஊன்றுகோலை எடுத்துவைத்து நடக்கத் தொடங்கினாள்.

"மூணு வீட்டை இருட்டாக்குனது ஒரு குடிகாரனா? அந்தப் பேரையா நான் வண்டி நெத்தியில எழுதிவச்சேன்?"

கீழே கிடந்த கல்லை எடுத்தாள். கணவனின் பெயரைச் சுரண்டத் தொடங்கினாள். முதல் எழுத்து உதிர்ந்தது.

பொன்னாத்தாள் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு, ஒற்றைக் காலில் தாவி அவள் கையைப் பிடித்தாள்.

"கல்லைக் கீழ போடு! அவன் ஒரு சொட்டுக் குடிக்கல. செத்தவன் பேரக் கெடுக்காத."

"பின்ன எதுக்குப் பொய் சொன்னீக? காலையும் பறிகொடுத்துட்டு, யாரைக் காப்பாத்துறதுக்கு?"

பொன்னாத்தாள் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருள்செல்வியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"அன்னிக்கி டவர் ஒண்ணும் போகல ஆத்தா. நீ போன்ல திட்டுனது, வண்டி பள்ளத்துல பாயுற வரைக்கும் எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு."