வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கென்டக்கி மலையில் ஒரு பழைய மரக்கட்டை வீட்டை ஹோபார்ட் விலைக்கு வாங்கினான். கட்டைகளுக்கு எண் அடித்துப் பிரித்து, லாரியில் கொண்டுவந்து, தன் தோட்டத்தில் அதே வரிசையில் அடுக்கினான். இடுக்குகளில் மண் பூசினான். கதவின் தாழ்ப்பாள் மட்டும் வெளிப்பக்கம் இருந்தது.

"எந்தக் கிறுக்கன் இப்படி வெச்சான்?" என்று மனைவி ஆர்லீனிடம் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றி உட்பக்கம் மாட்டினான்.

மறுநாள் காலையில் கதவைத் தள்ளினால் அசையவில்லை. உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் இல்லாத வீடு. மண்பூச்சில் ஒரு விரிசலும் இல்லை. வீட்டை விற்ற ஸ்டிடம் என்ற கிழவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"தாழ்ப்பாள மாத்தச் சொல்லி உன்கிட்ட யாருப்பா அழுதா?" என்றார் கிழவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, அதுவா தாழ் போட்டுக்கிட்டா நல்லதுதான். அப்படியே விட்டுரு. வாசல்ல நின்னு யாரும் குரல் மட்டும் குடுத்துராதீங்க."

அந்த மலைப்பக்கத்தில் கதவைத் தட்டும் வழக்கம் இல்லை. முற்றத்தில் நின்று குரல் கொடுப்பார்கள். உள்ளே இருப்பவர் திறப்பார்.

ஹோபார்ட் திரும்பிப் பார்த்தான். ஆர்லீன் இடுப்பில் கைவைத்து முற்றத்தில் நின்றிருந்தாள்.

"வீட்ல யாருங்க? உள்ள வரலாமா?" என்று விளையாட்டாகக் கூவினாள்.

உள்ளே தாழ்ப்பாள் மெல்ல விலகியது.