இடது கதவுக் கண்ணாடி

கண்ணாடி மறுபடியும் கதவுக்குள் சரிந்து விழுந்தது.

தணிகைவேல் மணியைப் பார்த்தான். மூன்று மணிக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனி வாசலில் வண்டியைக் காட்டியாக வேண்டும். நைட் ஷிஃப்ட் பெண்களை ஏற்றி இறக்கும் காண்ட்ராக்ட். ஒரு ஜன்னல் மூடவில்லை என்றாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போன மாதம் வரை இன்னொருவர் வண்டியில் ஆக்டிங் டிரைவராக இதே வேலையைத்தான் பார்த்தான். இப்போதுதான் சொந்தமாக ஒரு பழைய கார். வாங்கிய ஜோரில் தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. வேலை கிடைக்காவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடமாடுவது?

"அரசப்பண்ணே, சீக்கிரம்ணே. டைம் ஆவுது."

புதுவாயல் கூட்டுரோட்டு மெக்கானிக் அரசப்பன் காதில் விழாதவர் மாதிரி ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். ரொம்ப அவசரப்படுத்தினால் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிற ரகம். தணிகைவேல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

போகும் வழியில் அக்கா வீட்டில் இறங்கிக்கொள்வதாக உடன் வந்த மனைவி காயத்ரி, பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்தாள். இங்கே ஒருத்தனுக்கு உயிர் போகிறது, இவளுக்கு டீ கேட்கிறது என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

அரசப்பன் கதவின் உட்பலகையைக் கழற்றி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

வெளியே வந்தது ஒரு மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே காசு. வேண்டுதலுக்கு முடிந்தது என்று பார்த்தவுடனே யாருக்கும் தெரியும்.

"கண்ணாடி ஓடற சேனல்ல இது போயி குந்திக்கினா அது எப்டிப்பா நிக்கும்?" அரசப்பன் சிரித்தார்.

தணிகைவேலுக்குக் கோபம் வரவில்லை. மனசு குளிர்ந்துபோனது. காயத்ரி வேலைதான். சாமி படத்தில் கட்டாமல், கண்ணாடி இடுக்கு வழியாக வண்டிக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறாள் பைத்தியக்காரி. முடிச்சை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கண்ணாடி சேனலில் உட்கார்ந்தது. சுவிட்சை அழுத்தியதும் சத்தமில்லாமல் மேலே ஏறியது. மணி இரண்டைத்தான் தாண்டியிருந்தது. அப்பாடா என்றிருந்தது.

"இன்னாடி, காண்ட்ராக்ட் கெடைக்கணும்னு பெரியபாளையத்தாளுக்குக் காசு முடிஞ்சியா?"

காயத்ரி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"கெடைக்கக் கூடாதுன்னு."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"போன மாசம் வண்டி ஓட்டிக்கினே தூங்கிட்டியாமே. லாரி மேல முட்டப் போறப்பதான் முழிச்சியாம்."

அன்றைக்குப் பிரேக்கை மிதித்த பிறகு தணிகைவேல் திரும்பிப் பார்த்திருந்தான். பின்னால் நான்கு பெண்களும் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் நம்பியிருந்தான்.

"அன்னிக்கு பின்னாடி இருந்த எதிர் ஊட்டு சுகிர்தா தூங்கலியாம். அன்னிலேர்ந்து அது எந்த வண்டில ஏறினாலும் தூங்கறதே இல்லியாம்."

அரசப்பன் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார்.

அதை வாங்கத் தணிகைவேலுக்குக் கை வரவில்லை.