ஞாயிற்றுக்கிழமை வந்த அதிகாரி

“கட்டிலுக்கு அடியில போய்ப் படு. நான் கூப்புடுற வரைக்கும் சத்தம் வரக்கூடாது.”

மகளை உள்ளே தள்ளிவிட்டு ஜீவராணி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே, மண்ரோடு முடிகிற இடத்தில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கியவரை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பதுளைக் கல்விக் கந்தோரில் பெரிய அதிகாரி, ஸ்ரீஸ்கந்தராஜா. தை மாதம் தோட்டத்துப் பெற்றோரையெல்லாம் கூட்டி வைத்து அவர்தான் பேசினார். பதினாறு வயது முடியாத பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்தால் தாய் தகப்பன் கோர்ட் ஏற வேண்டி வரும், பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போக வேண்டி வரும் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். பின்வரிசையில் நின்ற ஜீவராணி கூட்டம் முடியுமுன்னே வெளியே வந்துவிட்டாள். மகள் சிவசக்திக்குப் பதினாலு வயது. அவள் பள்ளிக்கூடம் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து டவுன் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளை. பஸ் பிந்துகிற நாளெல்லாம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். உள்ளே போனால் லயத்துப் பிள்ளை என்று சிரித்தார்கள். கடைசியில் காலையில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கண்டாலே வாந்தி எடுத்தாள். சாப்பாடு நின்றது, அப்புறம் பேச்சும் நின்றது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் புருஷன், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், வீட்டிலேயே வைத்துக்கொள் என்று போனில் சொல்லிவிட்டான்.

சுவரைப் பார்த்துக் கிடந்த சிவசக்தி, பைப்பில் தண்ணீர் நின்றுபோன ஒருநாள், இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது என்று கேட்டாள். ஜீவராணிக்குத் தெரியாது. இரண்டு பேருமாகக் குழாய் போன வழியே காட்டுக்குள் ஏறிப் போய் ஊற்றைக் கண்டுபிடித்தார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான். பிள்ளை ஊற்றை வரைந்தாள், போத்தலை வெட்டி வைத்து மழையை அளந்தாள். அதற்குக் கணக்கு தேவைப்பட்டது, போனில் பார்த்துப் படித்தாள். ஊற்று ஓடையாக இறங்கிப் போகிற கிராமத்து ஆட்களிடம் விசாரிக்கச் சிங்களம் பழகினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் ஜீவராணி, இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்பாள், அவ்வளவுதான். பிள்ளை அடுப்பு மூட்டும்போது ஆரம்பித்தால் சோறு தின்று முடியும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள்.

இதையெல்லாம் கோர்ட்டில் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஸ்ரீஸ்கந்தராஜா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கந்தோர் ஜீப்பைக் காணோம், டிரைவரைக் காணோம், கையில் ஃபைல்கூட இல்லை. வேலைநாளில் வந்தால் நான் கொழுந்து பறிக்கிற மலைக்குப் போய் ஒளிந்துகொள்வேன் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்திருக்கிறார் என்று ஜீவராணி நினைத்தாள்.

உங்கள் மகளைப் பற்றி ஒரு டீச்சர் சொன்னார், அவளைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். மகள் தெமோதரைக்கு மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஜீவராணி சொன்னாள். அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய காலுறையில் அட்டை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இரவில் தூங்குகிறாளா, தனியாக இருக்கப் பார்க்கிறாளா. ஒவ்வொன்றும் தனக்கு வைக்கிற பொறி என்று ஜீவராணிக்குப் பட்டது. பிள்ளையைக் கவனிக்காத தாய் என்று எழுதிவிட்டால் முடிந்தது. அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பதில் சொன்னாள்.

“உங்களோட கதைக்கிறாவோ?” என்று கேட்டார் அவர்.

“இப்ப நல்லா பேசுறா ஐயா. வாய் ஓயாது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளையை எங்கே அனுப்புவது என்றுதான் யோசிக்கிறார் என்று நினைத்ததும் ஜீவராணி உடைந்துபோனாள்.

“என்னைய வேணும்னா ஜெயில்ல போடுங்க ஐயா. அவள மட்டும் கொண்டுபோகாதீங்க. அங்க போனா மறுபடியும் பேச்ச நிறுத்திருவா.”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சிவசக்தி முடியெல்லாம் தூசியாக வெளியே வந்து தாய்க்கு முன்னால் நின்றாள். பின்வாங்கவில்லை. “நாந்தான் போகமாட்டேன்னு சொன்னேன். கேக்குறத என்கிட்ட கேளுங்க.”

ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பொலிசைக் கூப்பிடப் போகிறார் என்று ஜீவராணி அவர் கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். அவர் நம்பர் எதையும் அழுத்தவில்லை. திரையில் இருந்த படத்தைச் சிவசக்தி பக்கம் திருப்பிக் காட்டினார். இவள் வயதிருக்கும் ஒரு பெண் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, இது என்ர மகள். பள்ளிக்கூடமும் இல்லை, கதைபேச்சும் இல்லை, அறைக்குள்ளயே கிடக்கிறா. ஒருக்கா வந்து அவவோட கதைக்கிறீங்களோ?”