பத்தாயிரம் தட்டு

பாறசாலைக் கோயில் மணி சாட்சி, இதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஐம்பத்திநாலு, தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட எல்லைப் போராட்டம். வெளியே எங்கள் தெருவில் கோஷமும் லத்தியும் ஓடுகின்றன. வீட்டுக்குள்ளே விஜயதாஸ், தான் செய்த சுவிட்சை விடாமல் தட்டுகிறார். பல்பு எரிகிறது, அணைகிறது. தேயாமலிருக்க அதன் முனையில் வைத்தது மனைவி சத்தியபாயின் கொலுசு வெள்ளி. பத்தாயிரம் தட்டு தாங்காவிட்டால் கொலுசு போச்சு, மானமும் போச்சு. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் போலீஸ்காரர் கதவைத் தள்ளுகிறார்.

"எந்தாடே டக்டக்குன்னு, துப்பாக்கியா?"

"சுவிட்சாக்கும் சாரே! ரெண்டு தட்டு பாக்கி உண்டு, தொந்தரவு செய்யாதீங்க," என்கிறாள் சத்தியபாய்.

போலீஸ்காரரே தட்டுகிறார். டக். எரிகிறது. டக். அணைகிறது. பத்தாயிரம்! சத்தியபாய் மூச்சு விடுகிறாள். அவருக்கோ கையெடுக்க மனசில்லை, தட்டிக்கொண்டே நிற்கிறார். தெருவில் கூட்டம் தப்பிவிடுகிறது.

எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது அறுபத்திரண்டில்.