வாளி மாப்பிள்ளை

“கடல்னா எனக்கு உயிர் போற பயம். படகுல ஏறணும்னா நானும் இவளும் வரலை.”

புது மாப்பிள்ளை இப்படிச் சொன்னதும் ஹாலில் இருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“ஆறடி ஆளு மாப்பிள்ளை நீங்க! உள்ள விழுந்தாலும் தலை வெளிய தெரியுமே!”

வீடே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வீட்டின் மூத்த பிள்ளை, மாப்பிள்ளையின் மச்சான் பெரியவன்தான்.

மூன்று மாதமாக உட்கார்ந்து இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவன் அவன். ஒன்பது பேர், பதினொரு நாள். சிங்கப்பூர், பினாங்கு, பாலி. கடைசியாக, பாலியிலிருந்து படகில் போய்ச் சேரும் ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவு சித்தப்பாவின் ஆசை. அவர் வாயிலிருந்து விழுந்ததுமே பிள்ளைகள் குதித்துவிட்டார்கள். அப்புறம் யார் வேண்டாம் என்பது?

பெரியவனால் சொல்ல முடியவில்லை. ஒன்பது வயதில் குளத்தில் வழுக்கி விழுந்தவன். யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் குலை நடுங்கும். மனைவிக்குக்கூட இது தெரியாது.

எப்படிச் சொல்வான்? லிஃப்ட் மெக்கானிக். பதினாலாவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு நட்டு முடுக்குகிறவன். ‘எங்கண்ணனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது’ என்று தங்கை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள்.

ஒரு மாதமாக இதே நினைப்புதான். வேலைப் பழக்கத்தில் படகுக்கும் பாரக் கணக்குப் போட்டான். எத்தனை பேர் ஏறுவார்கள், ஆளுக்கு எவ்வளவு எடை, சித்தப்பாவை ஒன்றரை ஆளாக வைத்துக்கொள்ளலாமா என்றெல்லாம் எழுதிப் பார்த்தான். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினான்.

இன்று காலை, ஏஜென்ட் அனுப்பிய படகு வீடியோவை டிவியில் போட்டு எல்லோருக்கும் காட்டினான். மாலை ஆறு மணிக்குள் அவருக்கு உறுதி சொல்லியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை இப்படி ஒரு குண்டைப் போட்டார்.

தங்கை தலையைக் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாலே மாதம். பாவம், மானம் போன மாதிரி இருந்திருக்கும்.

“ஒருத்தருக்காக எட்டுப் பேர் ஆசையில மண்ணை அள்ளிப் போடணுமா?” என்று பெரியவனின் மனைவி அவன் காதோரம் முணுமுணுத்தாள்.

“சரி, விடு. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை பேச்சைத் தட்ட முடியுமா?” பெரியவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பெரிய மனசு பண்ணினான். “தீவை எடுத்துடலாம். பாலியிலயே ரெண்டு நாள் கூட இருப்போம். பினாங்குக்கும் படகு வேண்டாம், பாலம் இருக்கு.”

“அண்ணன்னா அண்ணன்தான்” என்றார் சித்தப்பா.

பெரியவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே உள்ளுக்குள் ஏதோ குத்தியது. பயம் இவனுடையது, பேச்சு வாங்குவது அந்த மனிதர்.

சித்தப்பா அதற்குள் பட்டப்பெயரே வைத்துவிட்டார். “வாளி மாப்பிள்ளை! அந்த ஓட்டல்ல நீச்சல் குளம் இருக்காம். உங்களுக்கு மட்டும் ஒரு வாளி தண்ணி சொல்லிடவா?”

பெரியவன் அதற்கும் சிரித்தான்.

ஐந்தரை மணிக்கு உள்ளறையில் உட்கார்ந்து பயணக் காப்பீட்டுப் படிவங்களை அடுக்கினான். போன வாரமே அவரவர் நிரப்பிக் கொடுத்தவை. மாப்பிள்ளையின் படிவத்தில் கண் நின்றுவிட்டது.

‘நீச்சல் தெரியுமா?’ தெரியும்.

‘பயிற்சி உண்டா?’ கடலில் உயிர்காக்கும் பயிற்சி. ஆறு வருடம் கடற்கரை மீட்புக் குழுவில் தொண்டராக இருந்தேன்.

மறுபடி படித்தான். எழுத்து மாறவில்லை. கதவருகே போய் மாப்பிள்ளையைச் சைகையால் கூப்பிட்டான்.

“மாப்பிள்ளை, இது என்ன?”

மாப்பிள்ளை பார்த்ததும் அசடு வழிந்தார். “அடடா! போன வாரம் எழுதினது, மறந்தே போச்சு மச்சான்.”

“அப்போ பயம்னு சொன்னது?”

அவர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

“காலைல டிவில அந்தப் படகு வீடியோ போட்டீங்களே, எல்லாரும் டிவியைப் பாத்தாங்க. நான் உங்களைப் பாத்தேன். நாற்காலிக் கையைப் பிடிச்ச பிடி விடலை நீங்க. தண்ணில தத்தளிச்சவங்களைத் தூக்கிக் கரை சேர்த்தவன் மச்சான் நான். அந்த முகம் எனக்குத் தெரியும்.”

பெரியவன் படிவத்தைக் கவிழ்த்து வைத்தான். “தங்கச்சிக்கு இது தெரியுமா?”

“உங்க விஷயம் சொல்லலை. நான் நீந்துவேன்னு மட்டும் தெரியும். நான் விட்ட புளுகுக்குச் சிரிப்பை அடக்க முடியாமத்தானே உதட்டைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருந்தா!”

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“விடுங்க மச்சான். நான் புதுசு. நாலு நாள் சிரிப்பாங்க, மறந்துடுவாங்க. நீங்க இந்த வீட்டுக்குப் பெரியவர்.”

ஹாலிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. “எங்கப்பா நம்ம வாளி? முகம் கழுவப் போயிட்டாரா, இல்ல அதுக்கும் பயமா?”

மறுபடியும் சிரிப்பு.

பெரியவன் எழுந்தான். பதினாலாவது மாடியில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறுவதைவிட இது கஷ்டமாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு நடந்தான்.

“சித்தப்பா, அந்த வாளியை எனக்குச் சொல்லுங்க. பயந்தாங்கொள்ளி நான்தான்.”