தப்பு வேட்டை

"சார், நிறுத்துங்க! ரெண்டாவது வரி தப்பு!"

கரும்பலகையில் 3(x + 4) = 27 என்ற கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தவர் சாக்பீஸை அப்படியே நிறுத்தினார். இரண்டாவது வரியில் 3x + 4 = 27 என்று இருந்தது.

"தப்பைப் பிடிச்சா ஒரு பாயின்ட். ஏன் தப்புன்னு சொன்னா இன்னும் ரெண்டு" என்றார், கொஞ்சமும் அசராமல்.

ஜன்னலோர அணியிலிருந்து 'சோடாபுட்டி' எழுந்தாள். "அடைப்புக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்க சார். வெளிய நிக்கிற மூணு, x-க்கு மட்டும் கை குடுத்துட்டு நாலைக் கண்டுக்காமப் போயிடுச்சு. மூணு நாலு பன்னிரண்டு. அப்ப x அஞ்சு."

ஜன்னலோரம் கைதட்டியது. "அடுத்தது எங்களுக்கு!" என்று கதவோர அணி பெஞ்சில் ஏறாத குறையாகக் கத்தியது.

கடைசி பெஞ்சில் கல்வி ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு படிவம். போன தேர்வில் இந்த எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் முப்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் கணக்கில் தேறவில்லை. பிரிவைக் கலைத்து, பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு அனுப்பிவிடலாமா என்பதை அந்தப் படிவத்தில் அவர் இன்று எழுதியாக வேண்டும்.

பக்கத்தில் தலைமையாசிரியை நெளிந்தார். "மேடம், இவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் சொல்லுங்க. பாடம் நடக்குது."

பலகையில் அரையும் மூன்றில் ஒன்றும் கூடி ஐந்தில் இரண்டு ஆகியிருந்தது. கதவோரம் கொதித்தெழுந்தது.

"சார், அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விடக் கம்மியா வருமா? கூட்டினா வளரணும், தேயக் கூடாது!"

"வாய் நல்லா நீளுது. விடை எங்கடா?"

"ஆறுல அஞ்சு!"

இப்படியே ஒன்பது கணக்குகள். ஒன்றைக்கூடப் பிள்ளைகள் தப்பவிடவில்லை. பத்தாவதில்தான் இரண்டு அணியும் திணறின. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று வரிவரியாகத் துழாவினார்கள்.

"சார், இது சரியாத்தான் இருக்கு!" என்றாள் சோடாபுட்டி, ஏமாற்றத்துடன்.

"நல்லாப் பார்த்தியா?"

"மூணு தடவை பார்த்துட்டேன் சார்."

பலகையருகே நின்ற சாரின் முகம் மலர்ந்தது.

ஆய்வாளர் எழுந்து முன்னால் வந்தார். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, 5(x − 2) = 3x + 4 என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் நிதானமாக நான்கு வரி எழுதி, x = 7 என்று முடித்தாள்.

"இங்க பத்துன்னு எழுதாம ரெண்டுன்னு விட்டா மாட்டிக்குவோம் மேடம். ஜாக்கிரதையா இருக்கணும்" என்று ஆய்வாளருக்கே பாடம் எடுத்தாள்.

ஆய்வாளர் சிரித்துவிட்டார். இன்னும் நான்கு பேரைச் சோதித்தார். நால்வரும் தேறினார்கள். படிவத்தில் 'பிரிவு தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடியதும் ஆய்வாளர் பாடம் நடத்தியவரிடம் திரும்பினார்.

"சார், இருபது வருஷமா வகுப்புகளைப் பார்க்கிறேன். இந்த மாதிரி பார்த்ததில்லை. பசங்க தேர்வுல என்னென்ன தப்புப் பண்ணாங்களோ, அச்சு அசலா அதையே பலகையில போட்டீங்க. கடைசியா ஒண்ணை மட்டும் சரியாப் போட்டு அவங்களை அலையவிட்டீங்க பாருங்க, அதுதான் உச்சம். எங்க கணக்கு ஆசிரியர்களுக்கு நீங்க பயிற்சி குடுக்கணும். தப்புகளை எப்படித் தேர்ந்தெடுக்கறீங்க?"

தலைமையாசிரியை கூரையைப் பார்த்தார்.

அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"தேர்ந்தெடுக்கிறதெல்லாம் இல்லைங்க மேடம். கணக்கு டீச்சர் பிரசவ லீவுல போய் மூணு மாசம் ஆச்சு, நான் விளையாட்டு வாத்தியார். தினமும் பத்தையும் சரியாப் போடத்தான் பார்க்கிறேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒண்ணு வந்திருக்கு!"