பரண் போர்வைகள்

"நீ கொடுத்து வெச்சவடி! எங்க வீட்டுக்காரர் ஒரு நூல்கண்டாவது வாங்கித் தந்திருப்பாரா?" என்று போர்வைக்காரியிடம் பெருமூச்சு விட்டாள் எதிர்வீட்டுக்காரி.

துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைப்பதென்றால் போர்வைக்காரிக்கு உயிர். ஒன்று முடியப்போகிற நேரம் பார்த்து, "இது எப்படியிருக்கு, சொல்லு" என்று கணவன் புதுத் துணியோடு வந்து நிற்பான். பழையது பரணுக்குப் போகும், புதியது தொடங்கும்.

இந்த முறை அவன் வெளியூர் போயிருந்தபோது பரணைக் காலி செய்து, எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்து, ஓரம் மடித்துத் தைத்து முடித்துவிட்டாள்.

வழக்கம்போல் புதுத் துணியோடு திரும்பியவன், கட்டில்மேல் அடுக்கியிருந்த போர்வைகளைப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"எல்லாத்தையுமா முடிச்சிட்டே?"

"ஆமாங்க! உங்கக்காவுக்குத்தான் முதல்ல போட்டோ அனுப்பினேன்."

"ஐயையோ!"

செல்போன் அடித்தது. அக்காவேதான்.

"டேய் தம்பி, 'வந்தா போர்த்திக்கப் போர்வை இல்லக்கா, இவ தச்சு முடிக்கட்டும், அப்புறம் வாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே! குடும்பத்தோட கிளம்பி வந்துட்டோம். கதவைத் திற, வாசல்லதான் நிக்கிறோம்!"